முழு எடையுடன் எழும் விமானத்தில் ஓர் இன்ஜின் நின்றால் ஏறும் திறன் எவ்வளவு எஞ்சும்?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்)

வணக்கம். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் மேம்பாலம் ஏறத் திணறுவதை எங்கள் பகுதியில் நாள்தோறும் பார்க்கிறோம். அதிலிருந்து எழுந்த ஐயம் இது. கத்திரி வெயிலில், இரண்டு இன்ஜின் கொண்ட பயணிகள் விமானம் ஒன்று முழு எடையுடன் மீனம்பாக்கத்தில் எழும்போது ஓர் இன்ஜின் நின்றுவிட்டால், ஏறும் திறனில் பாதி எஞ்சும் என்கிறார் நண்பர். இது சரிதானா?

பதில் (பெரம்பூர், ஓய்வுபெற்ற பொறியாளர்)

பாதி எஞ்சாது. விமானம் ஏறுவது இன்ஜின்களின் மொத்த உந்துவிசையால் அன்று. காற்றின் இழுவிசையை ஈடுகட்டிய பிறகு மிஞ்சும் விசையால்தான். விளக்கத்துக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம்: விமானத்தின் எடை 70 டன், எழும் வேகத்தில் ஒவ்வோர் இன்ஜினும் தரும் உந்துவிசை 10 டன், இழுவிசை 7 டன். இரண்டும் ஓடும்போது 13 டன் மிஞ்சுகிறது. அதாவது 100 மீட்டர் முன்னேறினால் 18 மீட்டருக்கு மேல் ஏறலாம். ஒன்று நின்றதும் மிஞ்சுவது 3 டன்தான். நின்ற இன்ஜினும், மூக்கு ஒரு பக்கம் திரும்பாதபடி விமானி மிதித்துப் பிடிக்கும் சுக்கானும் இழுவிசையைக் கூட்டுவதால் அந்த 3 டன்னும் முழுதாகக் கிடைக்காது. 2 டன் என்று வைத்துக்கொண்டால், ஏறும் திறன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இதை அறிந்தே விதி வகுத்திருக்கிறார்கள். சக்கரங்கள் உள்ளே மடங்கிய பிறகு, ஓர் இன்ஜின் நின்ற நிலையில், இரட்டை இன்ஜின் விமானம் குறைந்தது 2.4 விழுக்காடு சரிவில் ஏற வேண்டும். தடைகளைக் கணக்கிடும்போது அதிலும் 0.8 கழித்து, மீதமுள்ள 1.6 விழுக்காட்டுப் பாதை வழியிலுள்ள ஒவ்வொரு தடைக்கும் மேலே குறைந்தது 35 அடி உயரத்தில் செல்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அளவு எட்டாவிட்டால் எடையைக் குறைத்துத்தான் புறப்பட முடியும். ஆகவே ‘முழு எடை’ என்பது விமானத்தின் உடல் தாங்கும் எடை மட்டுமன்று. அந்த நாளில், அந்த ஓடுபாதையில், ஓர் இன்ஜினோடும் ஏற முடிகிற எடை.

பதில் (எண்ணூர் வாசகர்)

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான்கு இன்ஜின் விமானத்துக்கு விதி 3.0 விழுக்காடு கேட்கிறது. ஆனால் அது ஓர் இன்ஜினை இழந்தால் போவது உந்துவிசையில் கால் பங்குதான். பாதியை இழந்தும் ஏற வேண்டியிருப்பதால்தான் இரட்டை இன்ஜின் விமானங்களுக்கு இயல்பு நிலையில் அவ்வளவு மிகுதியான விசை அமைந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வெயில் இதில் எங்கே வருகிறது? அந்த நேரத்தில் விமானி என்ன செய்வார்?

பதில் (பெரம்பூர், ஓய்வுபெற்ற பொறியாளர்)

பெரும்பாலான இன்ஜின்கள் கடல் மட்டத்தில் சுமார் 30 பாகை செல்சியஸ் வரைதான் முழு உந்துவிசையைத் தரும். அதற்கு மேல் உட்புற வெப்பம் எல்லை மீறாதிருக்க விசை குறைக்கப்படும். 40 பாகையைத் தொடும் சென்னை நண்பகலில் இது உண்மையான இழப்பு. அது புறப்பாட்டுக்கு முன்பே எடைக் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடும்.

விமானி செய்வது மிகக் குறைவு என்பதே எனக்கு வியப்பூட்டும் செய்தி. வி1 என்னும் முடிவு வேகத்தைத் தாண்டியபின் இன்ஜின் நின்றால் ஓடுபாதையில் நிறுத்த முயலாமல் புறப்பாட்டைத் தொடர்வார். மேலெழுந்ததும் சக்கரங்களை மடக்கி, வி2 என்னும் பாதுகாப்பு வேகத்தை விடாமல் நேராகப் பறப்பார். குறைந்தது 400 அடி உயரம் எட்டும் வரை வேறெதிலும் அவசரப்படமாட்டார். 2.4 விழுக்காடு சரிவில் அந்த உயரத்துக்கு ஏறவே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தேவைப்படும். அதன்பின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டி, இறக்கை மடல்களை உள்ளிழுப்பார். எழும்போது கொடுக்கும் உச்ச உந்துவிசையை 5 நிமிடமும், தனி ஒப்புதல் இருந்தால் 10 நிமிடமும் மட்டுமே வைத்திருக்கலாம் என்பதால், இவை அனைத்தும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.