கலைச்சொல் தேவை: "இந்த எழுத்துகளைக் கொண்ட சொல்" – ஒரு பெயரில் மூன்று தேடல்

வணக்கம்.

எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் நீளமான ஆங்கிலச் சொற்களைத் தேடித் தரும் கட்டற்ற செயலி ஒன்று தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. அதில் மூன்று பொத்தான்கள். முதல் வரைவில் மூன்றுக்குமே "இந்த எழுத்துகளைக் கொண்ட சொற்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் பிழையில்லை, ஆனால் கேள்விகள் வேறு:

அ) கொடுத்த எழுத்தெல்லாம் சொல்லில் இருக்க வேண்டும். கூடவே வேறு எழுத்துகளும் வரலாம்.
ஆ) கொடுத்தவற்றைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது. சில விடுபடலாம், ஒன்றே பலமுறையும் வரலாம்.
இ) ஆ-வைப் போலத்தான். ஆனால் கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் எந்த எழுத்தையும் எடுக்கக்கூடாது. ஸ்கிராபிளில் கையிலுள்ள ஏழு வில்லைகளைப் போல.

என் பரிந்துரை: அ – உள்ளடக்கு தேடல், ஆ – உள்ளடங்கு தேடல், இ – கையிருப்புத் தேடல். முதலாவதில் சொல் எழுத்துகளை அடக்குகிறது. இரண்டாவதில் எழுத்துகளுக்குள் சொல் அடங்குகிறது.

———

> உள்ளடக்கு / உள்ளடங்கு

இலக்கணம் கச்சிதம். பொத்தானில் வைத்தால்தான் சிக்கல். க், ங் இரண்டையும் கைப்பேசித் திரையில் யார் பிரித்துப் படிப்பார்கள்? மாற்றி அழுத்தினால் விடை தலைகீழாகிவிடும்.

ஒரே உள்ளீட்டை மூன்றிலும் போட்டுப் பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசைப் பத்து எழுத்துகளைக் கொடுத்தால், ஆ-வில் டைப்ரைட்டர், புரொப்ரைட்டர், ரெப்பர்ட்வார் எல்லாம் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துக்கூட்டில் பத்தெழுத்து. அதே டைப்ரைட்டர் இ-யில் விழாது, அதன் முதல் எழுத்தே இருமுறை வருகிறது. ஆறெழுத்து பொயட்ரி தேறும். அ-வில் இவை ஒன்றுமே வராது, ஏனெனில் எதிலும் பத்தெழுத்தும் முழுமையாக இல்லை.

மேற்கணம், உட்கணம் என்று கணக்குப் பாடத்திலிருந்து (கணம் என்பது ஆங்கிலத்தில் செட்) எடுக்கலாமா என்றும் யோசித்தேன். ஈழத்தில் கணத்தைத் 'தொடை' என்று படித்தவர்களுக்கு அது ஒட்டாது. தவிர இ கணமே அல்ல, அதில் எண்ணிக்கையும் கணக்கு.

———

நிரல் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். பெயர் வைக்க இவையும் உதவும்.

26 எழுத்துக்கும் ஆளுக்கொரு பிட் (0 அல்லது 1 கொள்ளும் இடம்) ஒதுக்கினால் ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்ணாகிவிடும். 32 பிட் போதும். அ-வுக்கு, சொல்லின் எண்ணையும் கொடுத்த எழுத்துகளின் எண்ணையும் 'அண்ட்' செய்து (இரண்டிலும் 1 உள்ள இடங்களை மட்டும் வைத்து), கொடுத்தது அப்படியே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஆ-வுக்கு, கொடுக்காத எழுத்துகளோடு 'அண்ட்' செய்தால் சுழியம் வர வேண்டும். இ-க்கு பிட் உதவாது. 26 எண்ணிக்கைகளை வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்று வில்லை இருந்தால், பற்றாக்குறைகளின் கூட்டுத்தொகை வெற்று வில்லைகளின் எண்ணிக்கைக்குள் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைக் குறிகளால் சொல்லித் தேடும் முறை) எழுதுபவர்கள் வழுக்குவது ஆ-வில். சதுர அடைப்புக்குள் எழுத்துகளைப் போட்டு, வரியின் தொடக்கத்தைக் காட்டும் தொப்பிக் குறியை (^) முன்னாலும் முடிவைக் காட்டும் டாலர் குறியைப் ($) பின்னாலும் போடாமல் விட்டுவிடுவார்கள். அப்போது "இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்" என்று நான்காவதாக ஒரு தேடல் முளைத்து, பட்டியலில் முக்கால்வாசி வந்து கொட்டும். குறிகளைச் சரியாகப் போட்டும் ஒரு சொல்கூட வரவில்லையென்றால் சொற்பட்டியல் கோப்பு பெரும்பாலும் விண்டோஸில் சேமித்ததாக இருக்கும். வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத வரியுரு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டுத் தேடுங்கள். பெரிய எழுத்தோ மேற்கொட்டுக் குறியோ உள்ள வரிகளை முதலிலேயே கழித்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கினால் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் சாதாரணச் சொல்லாக நுழைந்துவிடும்.

இன்னொன்று, வரிசைப்படுத்தல். மூன்றிலும் "நீளமானது முதலில்" என்று வைத்திருக்கிறார்கள். அ-வில் அது வீண். சொல் நீள நீள எல்லா எழுத்தும் தானாகவே வந்து சேரும். ஐந்து உயிரெழுத்தும் வேண்டும் என்றால் 22 எழுத்துள்ள கவுண்டர்ரெவல்யூஷனரீஸ் முன்னால் நிற்கும், அதிலென்ன வியப்பு? செக்வோயா என்ற மரப்பெயர் ஏழே எழுத்தில் ஐந்தையும் அடக்குகிறது, அதுதான் முதலில் வர வேண்டும். ஆ, இ இரண்டிலும் நீளமே சாதனை.

———

அப்படியானால் தேடலுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டு எழுத்துகளுக்கு வைப்போமே:

கட்டாய எழுத்துகள் (அ)
அனுமதி எழுத்துகள் (ஆ)
கையிருப்பு எழுத்துகள் (இ)
விலக்கு எழுத்துகள்

நான்காவதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்பதுதான் இந்த வேலையின் சுவை. உள்ளீட்டுக் கட்டங்களுக்கு மேல் இப்பெயர்கள் இருந்தால், 20 எழுத்துக்கு மேல், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ஈ (e) மட்டும் கூடாது என்று கேட்கலாம். 29 எழுத்துள்ள ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன் தேறும். அதில் ஐ (i) ஒன்பது முறை வருகிறது, ஈ ஒருமுறைகூட இல்லை. எழுத்து விளையாட்டான நம் சித்திரகவியில் இதழகல் செய்வதும் விலக்குத்தான், அங்கே விலக்கப்படுவது இதழ் குவியும், ஒட்டும் ஒலிகள்.

———

கட்டாயம், அனுமதி, கையிருப்பு, விலக்கு – நான்கும் எனக்குச் சம்மதம். "தேவை எழுத்துகள்" என்று யாராவது மாற்றச் சொன்னால் வேண்டாம். தேவை என்றால் இருந்தால் நல்லது என்றும் படிக்கலாம்.

எந்த எழுத்தும் இருமுறை வராத சொல்லுக்கும் ஒரு பெயர் வேண்டும். டெர்மடோகிளிஃபிக்ஸ், அன்காப்பிரைட்டபிள் இரண்டும் பதினைந்தெழுத்து, மீள்வது ஒன்றுமில்லை. 'மடக்கிலிச் சொல்' என்று தோன்றியது. ஆனால் அணியிலக்கணத்தில் மடக்கு என்பது எழுத்துத்தொடரே மீண்டு வந்து வேறு பொருள் தருவது. தனி எழுத்துக்கு அதை இழுப்பது சரியில்லை.

———

> எந்த எழுத்தும் இருமுறை வராத சொல்லுக்கும் ஒரு பெயர்

'எழுத்து மீளாச் சொல்'. சுருக்கமாக 'மீளாச்சொல்' என்றால் பேசிய சொல் திரும்பி வராது என்று தத்துவமாகிவிடும், எனவே முழுதாகவே இருக்கட்டும். சோதனையும் எளிது: பிட் எண்ணில் எத்தனை ஒன்றுகளோ அத்தனை எழுத்துகள் இருந்தால் சொல் மீளாதது.

உதவிப் பக்கம் எழுதுபவருக்கு: ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் டி இரண்டு (T, D), பி இரண்டு (P, B). எடுத்துக்காட்டுகளில் எழுத்தைப் படமாகவே காட்டுங்கள்.

———

கடைசியாக, "நீளம்" என்ற கட்டத்தை "எழுத்து எண்ணிக்கை" என்று மாற்றியிருக்கிறேன். நிரல் இப்போது எழுத்துகளை அல்ல, அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. கஃபேயின் கடைசி எழுத்தில் மேற்குறி இருந்தால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் அதற்கு இரண்டு பைட், நான்கெழுத்துச் சொல் ஐந்து என்று காட்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, எண்ணும் வரியையும் திருத்த வேண்டும். வழுவாகப் பதிந்திருக்கிறேன்.