கிறிஸ்தவக் காதல் நாவல்கள்: நேரமில்லாத நமக்கு மனம் நிறையக் கிடைத்தது எது?

அல்சூர் வாசகி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் படிக்க வாய்ப்பது பெங்களூரு மெட்ரோவில்தான். அல்சூரில் ஏறினால் பட்டந்தூர் அக்ரஹாரா வரைக்கும், அதுவும் உட்கார இடம் கிடைத்தால். வீட்டுக்குள் கால் வைத்ததும் குக்கர், பிள்ளைகளின் ஹோம்வொர்க், அத்தைக்கு மாத்திரை. ஒரு புத்தகம் சரியில்லை என்றால் எனக்கு ஒரு வாரமே வீணாகிவிடும்.

அப்படி வீணான வாரங்கள் நிறைய. நாயகன் இரண்டு இடத்தில் ஜெபிப்பான், கடைசியில் சர்ச்சில் கல்யாணம். அந்த ஜெபங்களை எடுத்துவிட்டாலும் கதையில் எதுவும் குறையாது. எனக்கு அது போதவில்லை.

போன வருஷம் சர்ச் ஸ்ட்ரீட்டில் ப்ளாசம் கடையின் பழைய புத்தக அடுக்கில் ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ கிடைத்தது. 1979இல் வந்தது. மேற்கே குடியேறப் போகிற வழியில் மார்ட்டி கணவனை இழக்கிறாள். அடக்கம் முடிந்த அன்றைக்கே, தாயில்லாத ஒரு குழந்தைக்காக க்ளார்க் என்பவரைக் கட்டிக்கொள்ள வேண்டிய நிலை. வசந்தம் வந்ததும் ஊர் திரும்ப வழிச்செலவு தருவதாக அவர் வாக்குக் கொடுக்கிறார். அதற்குமேல் அவளிடம் எதையும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு முன் அவர் ஜெபிப்பதை அவள் புரியாமல் பார்க்கிற இடத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் அப்பா ரசம் ஆறிப்போகும் வரை ஜெபிப்பார். அவர் ஆமென் சொல்லும் வரைக்கும் அம்மா அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பார். க்ளார்க்கின் விசுவாசமும் அப்படித்தான், தினப்படி வேலையோடு கலந்தது. அதைப் பார்த்துத்தான் மார்ட்டி மாறுகிறாள், காதலும் அங்கிருந்துதான் வருகிறது. உங்களுக்கு அப்படி அமைந்த புத்தகம் எது?

ஒயிட்ஃபீல்ட் நர்ஸ்

சிஸ்டர், எனக்கு ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’. பைபிளில் வரும் தீர்க்கதரிசி ஓசியாவையும், அவரை விட்டுப்போன மனைவி கோமேரையும் 1850களின் கலிபோர்னியா தங்கவேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோய் வைத்த கதை. முதலில் 1991இல் வந்தது. 450 பக்கத்துக்கு மேல் இருக்கும். நைட் ட்யூட்டிக்கு நடுவில் படித்து முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று, ஆனாலும் விடவில்லை. நாயகி ஓடிப்போகிறாள், அவளைக் கட்டிய மைக்கேல் தேடிப் போகிறான், மறுபடியும் ஓடுகிறாள். தேவனுக்குக் கீழ்ப்படிவது அவனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓசியாவைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்தத் தீர்க்கதரிசிக்காக அழுதது இதைப் படித்தபோதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நாயகிக்குச் சிறுவயதில் நடப்பது மிகக் கொடுமை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கே.ஆர். புரம் அக்கா

இரண்டு பேருக்கும் நன்றிம்மா. பெரிய புத்தகம் எனக்கு ஓடாது. ஹார்லெக்வின் பதிப்பகம் 1997இல் ஆரம்பித்த ‘லவ் இன்ஸ்பயர்டு’ வரிசையில் கதைகள் சின்னவை, நான்கைந்து நாளில் முடிந்துவிடும். எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கடையில் நின்றபடியே நடுவில் ஒரு ஜெபத்தைத் தேடிப் படிப்பேன். அதற்கு அடுத்த பக்கத்தில் அந்த ஆள் முன்பு செய்யாத எதையாவது செய்தால் வாங்குவேன். ஒரு தடவை, ஜெபித்த பெண் எழுந்துபோய்த் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டாள். காதலுக்குச் சம்பந்தமே இல்லாத இடம் அது. வாங்கினேன், நல்ல கதை.

அப்புறம், தமிழில் இப்படி ஏன் அதிகம் கிடைப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையே கிறிஸ்தவர்தான். பைபிளில் ரூத்தின் கதையும் நான்கே அதிகாரம். வயல்காரர் போவாஸ் தன் வேலைக்காரர்களிடம், கதிர் பொறுக்க வந்த அவளுக்காகச் சில கதிர் அரிகளை வேண்டுமென்றே சிந்தவிடச் சொல்கிற இடம் ஒன்று போதும், யாராவது தமிழில் ஒரு நாவலே எழுதலாம்.

அல்சூர் வாசகி

அக்கா, அந்த மன்னிப்புக் கேட்கிற கதை இன்னும் உங்களிடம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன். மார்ட்டி கதையை உங்களுக்காகக் கொண்டுவருகிறேன்.