டவர் லைனை ஒட்டிய வீட்டை வாங்கலாமா?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தாம்பரத்தை அடுத்த புறநகரில், 110 கிலோவோல்ட் டவர் லைனை ஒட்டிய தனி வீடு ஒன்று, அதே தெருவின் மற்ற வீடுகளைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வருகிறது. தூறல் விழுந்தால் மொட்டை மாடியில் கம்பியின் சன்னமான இரைச்சல் கேட்கும் என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னார். விற்பவர் வாய் திறக்கவில்லை.

இத்தகைய மின்கம்பிகளைச் சுற்றி உருவாகும் காந்தப்புலத்தைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2002-இல் சேர்த்திருந்தாலும், காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதாலும், கம்பியிலிருந்து விலக விலகப் புலம் வேகமாகக் குறைந்துவிடும் என்பதாலும், அது என்னை அவ்வளவாக மிரட்டவில்லை.

என் கவலையெல்லாம், இத்தகைய லைனுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் 22 மீட்டர் அகல வழித்தடத்துக்குள் மனையின் பின்பகுதி வந்துவிட்டால், மேலே மாடி எழுப்ப அனுமதி கிடைக்குமா, வங்கியின் மதிப்பீட்டாளர் கடன் தொகையைக் குறைப்பாரா, பிற்பாடு விற்கும்போது நானும் இதே போல விலையை இறக்க நேருமா என்பதுதான். இப்படிப்பட்ட வீட்டை வாங்கியவர்களும், கடன் மறுக்கப்பட்டவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன். கம்பிக்கும் கட்டடத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுத்துப்பூர்வமாகப் பெற, மின்துறையில் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.