ஓபெத்தின் உயில் ஆல்பம்: க்ரௌல் வந்ததும் நிறுத்திவிடுகிறேன், என்ன செய்யலாம்?

பல்லடத்தான்:
வணக்கம்ங்க. மாமா வைத்திருந்த கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். டீப் பர்ப்பிள், பிளாக் சாபத், ஜெத்ரோ டல், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ராக். ப்ராக் மெட்டல் பக்கம், அதாவது நீளமான, சிக்கலான தாளங்களோடு வரும் மெட்டல் பக்கம், போனதே இல்லை. ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழு ஓபெத் 2024இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ ஆல்பத்தில் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் குழல் வாசித்திருக்கிறார் என்று தெரிந்ததும், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். பேஸும் டிரம்ஸும் அருமையாகத்தான் ஆரம்பித்தன. அப்புறம் க்ரௌல் என்கிற அந்தத் தொண்டை உறுமல். மூன்று தடவை முயன்றும் அதே இடத்தில் நிறுத்திவிட்டேன், குழல் வரும் பாட்டு வரைக்கும் போகவே முடியவில்லை. அது எதற்கு அங்கே இருக்கிறது? அது இல்லாத ஆல்பம் எதையாவது முதலில் கேட்கட்டுமா?

சோமனூர்_தறி:
இந்த ஆல்பத்தில் க்ரௌலைத் தள்ளிவைத்தால் கதையே போய்விடும்ங்க. ஓபெத்தின் பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் 2008இல் வந்த ‘வாட்டர்ஷெட்’டுக்கு அப்புறம் நான்கு ஆல்பங்களில் க்ரௌல் பக்கமே போகவில்லை. பதினாறு வருஷம் கழித்து இதில்தான் திரும்ப எடுத்தார், அதற்குக் காரணம் கதைதான் என்று நினைக்கிறேன். முதல் உலகப்போர் முடிந்த காலம், பணக்காரக் குடும்பம், அப்பா செத்துப்போய் அவர் மாளிகையில் உயிலைப் படிக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டிலேயே வளர்ந்த, போலியோ வந்த அநாதைப் பெண்ணும் கூட இருக்கிறாள். இவளுக்கு இங்கே என்ன வேலை என்று அவர்களுக்குச் சந்தேகம். முதல் ஏழு பாட்டுக்கும் பெயரே கிடையாது, பத்திரத்தில் இருப்பதுபோல வெறும் பத்தி எண்தான். எட்டாவதுக்கு மட்டும் பெயர் உண்டு.

எங்கள் அப்பாரு இறந்து காரியம் முடிந்த அன்று பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து உயிலைப் படித்தார். தோட்டம் யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று வரிவரியாக வந்தது, அத்தை பெயர் வரவே இல்லை. அத்தை கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. செத்தவரிடம் போய் யார் நியாயம் கேட்பது? அந்த க்ரௌல் எனக்குச் செத்தவரின் குரலாகத்தான் கேட்கிறது. நடுவில் ஆக்கர்ஃபெல்ட் சாதாரணமாகப் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர்கள் ஞாபகம் வருகிறார்கள்.

இன்னொன்று, டிரம்ஸைத் தனியாகக் கவனியுங்கள். வால்ட்டெரி வைரினென் வாசிப்பது எனக்கு எங்கள் குடோன் மாதிரியே இருக்கும். எட்டுத் தறி ஓடும், ஒவ்வொன்றும் துளி வேக வித்தியாசத்தில் நாடாவை அடிக்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றாக விழும், மறுபடி விலகிப் போகும்.

கணபதி_லேத்:
சோமனூர் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் கேசட் காலத்து ஆளை நேரே இதில் இறக்குவது வேண்டாம் என்பேன். முதலில் ‘டாம்னேஷன்’, 2003. அதில் க்ரௌல் ஒன்றுகூடக் கிடையாது, மெல்லோட்ரான் என்கிற பழைய கீபோர்டு நிறைய, தயாரிப்பில் பாடகரும் தயாரிப்பாளருமான ஸ்டீவன் வில்சன் இருக்கிறார். அடுத்து 2011இல் வந்த ‘ஹெரிட்டேஜ்’, அதில் எழுபதுகளின் வாசனை உங்களுக்கு உடனே பிடிபடும். அப்புறம் உயிலுக்கு வாருங்கள்.

நீங்கள் கேட்டு வளர்ந்ததிலும் இந்த இருட்டு உண்டு. பிளாக் சாபத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதாவது தந்தியை அழுத்துகிற விரல்கள். பிளாஸ்டிக்கை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், பின்னால் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனமான ஒலியில் இதற்கெல்லாம் பங்கு உண்டு. பட்டறையில் பக்கத்து மெஷின்காரருக்கு விரல் போனதை நேரில் பார்த்தவன் நான், அதனால் திரும்பத் திரும்ப வரும் அந்த கிட்டார் ரிஃப்பெல்லாம் எனக்கு வெறும் ஸ்டைல் இல்லை. அதே அயோமி 1968 கடைசியில் கொஞ்ச நாள் ஜெத்ரோ டல்லில் இருந்திருக்கிறார். ஆண்டர்சன் ஒரு மெட்டல் ஆல்பத்துக்கு வந்தது அப்படியொன்றும் தூரத்து உறவு இல்லை.

பவானிக்கூடல்:
2009இல் சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தபோது ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்க் கேட்டவன் நான். உறுமி முடித்த அதே மனிதர் அடுத்த வரியைத் தாலாட்டுப் போலப் பாடினார், மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. வரிசையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் தம்பி, நேராக நாலாவது பத்தியைப் போடுங்கள். குழலைக் கேட்டுவிட்டு முதலுக்குத் திரும்புங்கள்.

பல்லடத்தான்:
நேற்று பவானி அண்ணா சொன்னபடியே செய்தேன். நாலாவதில் குழல் வந்த இடத்தில் மாமா வீட்டு முன்னறையே கண்ணில் வந்துவிட்டது. பிறகு முதல் பாட்டு. க்ரௌல் வந்தது, அத்தை கையில் இருந்த டம்ளர் ஞாபகம் வந்தது, நிறுத்தவில்லை. ஏழாவது வரைக்கும் வந்துவிட்டேன், கடைசிப் பாட்டு இன்றைக்கு ராத்திரி. அந்தப் பெண் யார் என்று அதுவரை யாரும் சொல்லிவிடாதீங்க.