டைனமோடிபி பயிலரங்கு: 40 கணினி, கார்டு இல்லாத மாணவர்கள், கண்ணில் படாத டேபிள் – உதவி தேவை (கடலூர்)

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்கு டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ் என்ற அமேசான் கிளவுட் சேவையில் உள்ள தரவுத்தளம்) பற்றி இரண்டு நாள் செய்முறைப் பயிலரங்கு நடத்தக் கேட்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் 40 விண்டோஸ் கணினிகள், எல்லாம் 4 ஜிபி ரேம். இணைய இணைப்பு ஒன்றுதான், அதை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மாணவர்களில் பெரும்பாலோர் கையில் கணக்கு திறக்கத் தேவையான வங்கிக் கார்டு கிடையாது, அதனால் ஆளுக்கொரு ஏடபிள்யூஎஸ் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையில் இருக்கும் பழைய பயிற்சிக் குறிப்பு கிளவுட்9 என்ற ஏடபிள்யூஎஸ் நிரல் எழுதும் கருவியில் தொடங்குகிறது, அது புதுக் கணக்கில் திறக்கவே இல்லை. சரி, டைனமோடிபி லோக்கலை (கிளவுட் இல்லாமல் நம் கணினியிலேயே ஓடும் பதிப்பு) ஒரு கணினியில் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். கமாண்ட் லைனில் டேபிள் உருவாகிறது, பட்டியலிலும் தெரிகிறது. அதே கணினியில் பைதான் நிரலை ஓட்டினால் அப்படி ஒரு டேபிளே இல்லை என்கிறது. போர்ட் இரண்டிலும் 8000தான்.

இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பழகிய விஷயமாக இருக்கட்டும் என்று முதுநகர் துறைமுகத்து மீன் வரத்து போல ஒரு மாதிரித் தரவு தயாரித்தேன்: படகு எண், தேதி, மீன் வகை, எடை, ஏல விலை. பார்ட்டிஷன் கீ (தரவு எந்தப் பகுதியில் போகும் என்று தீர்மானிப்பது) படகு எண், சார்ட் கீ (அதற்குள் வரிசைப்படுத்துவது) தேதி. 500 வரிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். எந்தப் பிழையும் வரவில்லை, ஆனால் எண்ணிப் பார்த்தால் 500-க்குக் குறைவாகவே இருக்கிறது.

இந்த மாணவர்களில் பலர் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் போன்ற மீனவ ஊர்களின் பக்கத்துப் பிள்ளைகள். நிறுவனங்கள் நேர்முகத்தில் கேட்கும் விஷயத்தை இவர்கள் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். வழி சொல்லுங்கள்.

வில்லியனூர்:

வணக்கம் நண்பரே. கிளவுட்9-ஐ விட்டுவிடுங்கள். 2024 ஜூலை 25 முதல் புதிய வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. கிளவுடில் செய்யும் பகுதிக்குக் கிளவுட்ஷெல் போதும். உலாவியிலேயே திறக்கும், கமாண்ட் லைனும் பைதானும் அதிலேயே இருக்கின்றன.

காணாமல் போன டேபிளுக்கு வருகிறேன். டைனமோடிபி லோக்கல் உங்கள் ஆக்சஸ் கீ (கோரிக்கை யாருடையது என்று ஏடபிள்யூஎஸ்-க்குக் காட்டும் அடையாளம்) உண்மையானதா என்று பார்ப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் ஏற்கும். ஆனால் அந்த ஆக்சஸ் கீயையும் ரீஜனையும் (ஏடபிள்யூஎஸ் சேவை ஓடும் வட்டாரம்) சேர்த்து ஒரு பெயராக வைத்து, அந்தப் பெயரில் தனித் தரவுக் கோப்பு ஒன்றைத் திறக்கிறது. கமாண்ட் லைனில் ஒரு கீ அல்லது ஒரு ரீஜன், பைதானில் வேறொன்று இருந்தால் இரண்டும் வெவ்வேறு கோப்பில் போய் நிற்கும். உங்கள் விஷயத்தில் கமாண்ட் லைனில் மும்பை ரீஜனும் பைதானில் அமெரிக்க ரீஜனும் இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஷேர்டு டிபி என்ற ஆப்ஷனோடு தொடங்கினால் கீ, ரீஜன் எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே கோப்புதான்.

ஆனால் உங்கள் பயிலரங்குக்கு அந்த ஆப்ஷனைப் போடாதீர்கள் என்பேன். நீங்கள் பிரச்சினை என்று சொன்ன இதே குணம்தான் 40 கணினிக்குத் தீர்வு. ஒரே ஒரு நல்ல கணினியில் டைனமோடிபி லோக்கலை ஓடவிடுங்கள். மற்ற கணினிகள் ஆய்வகத்து உள்வலை வழியாக அதனோடு பேசட்டும். ஒவ்வொரு மாணவரும் தன் பதிவெண்ணையே ஆக்சஸ் கீயாகக் கொடுத்தால் ஆளுக்கொரு தனித் தரவுத்தளம் தானாகக் கிடைத்துவிடும். ஒருவர் டேபிளை அழித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. கீயில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்தான் இருக்கலாம், பதிவெண்ணில் கோடு, புள்ளி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இதனால் பல தொல்லைகள் ஒழியும். ஜாவா 17 அந்த ஒரு கணினிக்கு மட்டும் போதும். 4 ஜிபி ரேமில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் கருவி) ஓட்டும் அவஸ்தை வேண்டாம். 40 பேரும் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் எதையும் இறக்க வேண்டியதில்லை. பைதானிலிருந்து டைனமோடிபியோடு பேச உதவும் போட்டோ3 தொகுப்பை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே நிறுவலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நடத்துவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது நம் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை சில. எண்ட்பாயிண்டில் (கோரிக்கை போக வேண்டிய முகவரி) லோக்கல்ஹோஸ்ட் என்றில்லாமல் அந்தக் கணினியின் ஐபி முகவரி இருக்க வேண்டும். அதன் விண்டோஸ் ஃபயர்வாலில் 8000-ஐத் திறந்துவிடுங்கள். டாக்கர் வழியாக ஓட்டினால் அது இயல்பாகவே இன்மெமரியில்தான் (கோப்பில் சேமிக்காமல் நினைவகத்தில் மட்டும்) தொடங்கும், நிறுத்தினால் முதல் நாள் வேலை அத்தனையும் போய்விடும். அதனால் ஜாவாவில் நேரடியாக, தரவு சேமிக்கும் ஃபோல்டரைக் குறிப்பிட்டுத் தொடங்குங்கள். மாணவர் யாருக்காவது 'டோக்கன் செல்லாது' என்று வந்தால், எண்ட்பாயிண்ட் எழுத மறந்துவிட்டார் என்று பொருள். அவருடைய கோரிக்கை நிஜ ஏடபிள்யூஎஸ்-க்கே போயிருக்கும்.

நெல்லிக்குப்பம்:

வில்லியனூர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸில் கமாண்ட் லைன் பயிற்சி என்றால் ஒற்றை மேற்கோள் குறியில்தான் வகுப்பு நின்றுபோகும். குறிப்புகளில் இருக்கும் கட்டளைகள் பெரும்பாலும் லினக்ஸுக்கு எழுதியவை, ஜேசனை (தரவை எழுதும் வடிவம்) ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருப்பார்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ட் அதை ஏற்காது. ஜேசனைத் தனிக் கோப்பில் எழுதி, கட்டளையில் கோப்பின் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கமாண்ட் லைனும் அதை அப்படியே படிக்க AWS_CLI_FILE_ENCODING என்ற அமைப்பை UTF-8 என்று வைத்தால் தமிழும் சிதையாமல் வரும்.

திருப்பாதிரிப்புலியூர்:

500 வரி குறைந்ததற்குக் காரணம் உங்கள் கீ அமைப்பு. ஒரே படகு ஒரே நாளில் சங்கராவும் கொண்டுவரும், மத்தியும் கொண்டுவரும். உங்கள் அமைப்பில் இரண்டுக்கும் ஒரே கீ. புட் ஐட்டம் (ஒரு வரியை எழுதும் கட்டளை) ஏற்கெனவே இருப்பதன் மேல் சத்தமில்லாமல் எழுதிவிடும், பிழை சொல்லாது. சார்ட் கீயைத் தேதியும் மீனும் சேர்ந்ததாக வையுங்கள்: 2025-02-07#மத்தி என்பதுபோல. மேலெழுதக் கூடாது என்றால் 'இந்தக் கீ இல்லாவிட்டால் மட்டும் எழுது' என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். இந்தத் தவறான அமைப்பை வகுப்பில் வேண்டுமென்றே முதலில் கொடுங்கள். வரிகள் ஏன் குறைந்தன என்று மாணவர்களே தேடிக் கண்டுபிடித்தால் கீ என்றால் என்னவென்று என்றைக்கும் மறக்க மாட்டார்கள்.

தேதியை ஆண்டு முதலில் வருமாறு எழுதுவது கட்டாயம். நாம் வழக்கமாக எழுதும் 07-02-2025 எழுத்து வரிசையில் தாறுமாறாக நிற்கும், 'இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை' என்ற குவெரி (கீயை வைத்துத் தேடுவது) சரியாக வராது. அப்புறம், விசைப்படகு எண்ணுக்கு மே மாதம் குவெரி போட்டால் வெறுமையாகத்தான் வர வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மாதிரித் தரவிலும் அந்த இடைவெளி இருக்கட்டும். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அதை உடனே கவனிப்பார்கள்.

தேதியையே பார்ட்டிஷன் கீயாக வைத்தால் என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. அப்படி வைத்தால் இன்றைய வரத்து முழுவதும் ஒரே பார்ட்டிஷனில் போய் விழும். ஒரு பார்ட்டிஷன் ஒரு விநாடிக்கு 1000 எழுதும் அலகும் 3000 படிக்கும் அலகும்தான் (டைனமோடிபி வேலையை அளக்கும் அலகுகள்) தாங்கும். ஒரு துறைமுகத்துக்கு இது தாராளம், ஆனால் தமிழ்நாட்டுக் கரை முழுவதற்கும் சேர்த்து ஒரு செயலி எழுதினால் என்ன ஆகும் என்று யோசிக்க வையுங்கள்.

ஏற்கெனவே எஸ்கியூஎல் படித்த பிள்ளைகளுக்கு இதுதான் கடினமான இடம். முதலில் டேபிளை வரைந்துவிட்டு அப்புறம் கேள்வியை யோசிப்பது அவர்கள் பழக்கம். இங்கே தலைகீழ். 'இந்தப் படகு இந்த மாதம் என்ன கொண்டுவந்தது?', 'வஞ்சிரம் எந்தெந்தப் படகில் வந்தது?' என்று கேள்விகளை முதலில் தாளில் எழுத வையுங்கள். முதல் கேள்விக்கு டேபிளின் கீ போதும். இரண்டாவதற்கு மீன் வகையைக் கீயாக வைத்து ஒரு குளோபல் செகண்டரி இண்டெக்ஸ் (வேறொரு கீ வழியாகத் தேட உதவும் துணைப் பட்டியல்) வேண்டும். முதல் நாள் காலை முழுவதும் கணினியைத் தொடாமல் இதையே செய்தாலும் நேரம் வீணில்லை.

காலாப்பட்டு:

தமிழில் தரவு வைப்பதால் சில விஷயங்கள். டேபிள் பெயரில் தமிழ் கூடாது, அட்ரிபியூட் (எடை, விலை போன்ற ஒவ்வொரு புலம்) பெயரில் வைக்கலாம். ஆனால் எக்ஸ்பிரஷனில் (கோரிக்கையில் எழுதும் நிபந்தனை) நேரடியாக எழுத முடியாது, # குறியில் தொடங்கும் மாற்றுப் பெயர் கொடுக்க வேண்டும். நேம், டேட், ஸ்டேட்டஸ் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களுக்கும் அதே வழிதான்.

யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'மத்தி' என்பதற்கு 15 பைட் ஆகும். அட்ரிபியூட் பெயரின் நீளமும் ஐட்டத்தின் (ஒரு வரியின்) அளவில் சேரும், ஐட்டத்துக்கு உச்சவரம்பு 400 கேபி. வரிசையும் பைட் கணக்கில்தான், ஆகவே நம் அகராதி வரிசை கிடைக்காது. 'ன' அங்கே 'ந'வுக்கு அடுத்து வந்து நிற்கும். என் யோசனை, அட்ரிபியூட் பெயர் சிறிய ஆங்கிலச் சொல்லாகவும் மதிப்பு தமிழிலும் இருக்கட்டும்.

எடை 12.5 கிலோ என்று பைதானில் கொடுத்தால் ஃப்ளோட் ஏற்கப்படாது என்று பிழை வரும். டெசிமலாக மாற்றிக் கொடுக்க வேண்டும். 40 பேருக்கும் ஒரே நேரத்தில் வரும் பிழை இது, முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கெடிலக்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. ரீஜன்தான் வேறாக இருந்தது, வில்லியனூர் சார் சொன்னபடியே. இரண்டையும் ஒன்றாக்கியதும் டேபிள் தெரிந்துவிட்டது. பதிவெண்ணை ஆக்சஸ் கீயாகக் கொடுக்கும் முறையைச் சில கணினிகளில் சோதித்துவிட்டேன், அருமையாக வேலை செய்கிறது. சார்ட் கீயை மாற்றியதும் 500 வரியும் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் ஒரு வேளையாவது நிஜக் கிளவுடில் செய்ய விரும்புகிறேன். என் கணக்கு ஒன்றை வைத்து 40 பேரும் செய்யலாமா? ஆய்வகக் கணினி ஒன்றில் கமாண்ட் லைனிலிருந்து முயன்றால் கையொப்பம் காலாவதியானது என்கிறது. அதே ஆக்சஸ் கீ என் மடிக்கணினியில் வேலை செய்கிறது.

வில்லியனூர்:

அந்தக் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து நேரம் பின்தங்கிவிடும். சில நிமிட வித்தியாசத்துக்கே ஏடபிள்யூஎஸ் கையொப்பத்தை நிராகரிக்கும். லோக்கலில் இந்தச் சோதனை இல்லாததால் அங்கே தெரிந்திருக்காது.

ஒரு கணக்கில் 40 பேர் செய்யலாம். ரூட் கடவுச்சொல்லைத் தராமல், ஆளுக்கொரு ஐஏஎம் பயனர் (கணக்குக்குள் தனி அனுமதியோடு இருக்கும் பயனர்) உருவாக்கி, தன் பயனர்பெயரில் தொடங்கும் டேபிளை மட்டும் தொட அனுமதி கொடுங்கள். செலவு எச்சரிக்கைக்கு பட்ஜெட் ஒன்றை அமைத்துவிடுங்கள். அது மின்னஞ்சல்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. மாலையில் டேபிள்களை அழிப்பது உங்கள் பொறுப்பு.

கிளவுடில் லோக்கல் காட்டாததை மட்டும் காட்டுங்கள். அனுமதி மறுப்பு ஒன்று, த்ராட்லிங் (கொள்ளளவைத் தாண்டும் கோரிக்கைகளை மறுப்பது) இன்னொன்று. டேபிளுக்கு எழுதும் கொள்ளளவு 1 அலகு வைத்து வேகமாக எழுதினாலும் உடனே பிழை வராது. முந்தைய 5 நிமிடம் வரை பயன்படுத்தாமல் விட்ட கொள்ளளவை முதலில் எடுத்துக்கொள்ளும், அது தீர்ந்த பிறகும் போட்டோ3 தானாகவே மறுபடி மறுபடி முயலும். மறுமுயற்சியை அணைத்துவிட்டு எழுதினால்தான் மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

ஃபில்டரையும் அங்கேயே காட்டுங்கள். குவெரி ஒரு முறைக்கு 1 எம்பி வரை படித்துவிட்டு அதன் பிறகுதான் வடிகட்டும். விடை ஒன்றும் வராவிட்டாலும் படித்ததற்குக் கட்டணம் உண்டு. செலவான அலகையும் சேர்த்துக் காட்டு என்று கோரிக்கையில் கேட்டால், ஸ்கேனுக்கும் (டேபிள் முழுவதையும் படிப்பது) குவெரிக்கும் உள்ள வித்தியாசம் எண்ணாகவே திரையில் வரும்.

கெடிலக்கரை:

கடிகாரம்தான். நேரத்தைச் சரிசெய்ததும் போய்விட்டது, மற்ற 39 கணினிகளையும் முதல் நாளே பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஐஏஎம் பயனர்களை நிரல் வழியாக உருவாக்கப் போகிறேன். தடைக்கால இடைவெளியோடு மாதிரித் தரவைத் திருத்தியதும் இங்கேயே போடுகிறேன், புதுச்சேரிப் பக்கம் யாராவது நடத்தினால் எடுத்துக்கொள்ளலாம்.