உங்கள் தெருவில் பறக்கும் வண்டிகள்: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

மடிப்பாக்கம் வாசி
எங்கள் தெரு இரண்டு மெயின் ரோட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லாம் உள்ளே புகுந்துவிடுகிறார்கள், இப்போது மேப்பே வழி காட்டுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பந்தை எடுக்க வெளியே ஓடினான். டயர் கிறீச்சிட்டு ஒரு கார் நின்றது. நின்றபோது அவனுடைய இரண்டு கையும் பானெட்டின் மேல் ஊன்றியிருந்தன. அடி இல்லை. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன விளையாடுற இடமா?" என்றார். அதுதான் இன்னும் ஆறவில்லை. அவன் வீட்டு வாசல் சார் அது.

உறையூர்க்காரன்
வேகத்தடை போடச் சொல்லப் போகிறீர்களா? யோசியுங்கள். எங்கள் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி ஒரு மேடு கட்டினார்கள். பெயின்ட் இல்லை, தெருவிளக்கும் எரியவில்லை. அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். மெதுவாகத்தான் வந்தேன். தடக்கென்று ஒரு குலுக்கல். வண்டியின் பின்பக்கம் கனம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிவு. இன்றும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். எனக்கு வேகத்தடை என்ற பேச்சே வேண்டாம்.

டேப்பும் கையுமாக
உறையூர் தம்பி, அம்மாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அங்கே கட்டியது வேகத்தடையே இல்லை. ரோடு வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். வேகத்தடைக்கென்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி. 99 விதிப்படி மேடு 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் வந்தால் உடம்பு அதிராமல் ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் உள்ளதை டேப் வைத்து அளந்தேன், அதே உயரம், அகலம் ஒன்றரை அடிகூட இல்லை. அது மேடு இல்லை, சுவர். கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும், 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும்.

மடிப்பாக்கம் சார், நீங்கள் செய்ய வேண்டியது இது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு, போக்குவரத்துப் போலீசுக்கு ஒரு நகல். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். மேடு மட்டும் கேட்காதீர்கள். தெரு ஆரம்பிக்கும் முனையைக் குறுக்கச் சொல்லுங்கள். முனை அகலமாக இருந்தால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும், குறுகலாக இருந்தால் பிரேக்கில் கால் தானாகப் போகும். மழைநீர் ஓட ஓரத்தில் வழி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசியில் மேட்டுக்கு இந்தப்பக்கம் குளம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்கு, அதையும் மனுவில் எழுதுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், ஆதம்பாக்கம்
2023 நவம்பரிலேயே சென்னைப் போலீஸ் குடியிருப்புத் தெருவில் எல்லா வண்டிக்கும் வேக வரம்பு 30 கி.மீ. என்று அறிவித்தது. நான் 30-ல் போனால் பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கிறது. மார்கழி விடியற்காலை, ஒரு அம்மா நடுரோட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளி வைத்து முடிக்கட்டும் என்று ஆட்டோவை நிறுத்தினேன். பின்னால் வந்த பைக் என்னைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தது. அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்தார், கோலப்பொடி டப்பா சக்கரத்தில் நசுங்கியது. இழுத்திருக்காவிட்டால் விரல் போயிருக்கும். பைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மடிப்பாக்கம் வாசி
டேப் சார், மனு எழுதியாகிவிட்டது. வேகத்தடை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், யார் வீட்டு வாசலில் என்று கேட்டால் சத்தமே இல்லை. சரி, என் வாசலிலேயே போடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உறையூர் தம்பி சொன்னதை மனதில் வைத்து, பெயின்ட்டும் விளக்கும் இல்லாமல் மேடு வேண்டாம் என்பதைத் தனி வரியாகச் சேர்த்திருக்கிறேன்.