வேல்ஸில் உள்ளாட்சி கவுன்சில்களை மாற்றியமைத்த பிறகு அங்கே ஓட்டுப் போட்டவர்கள் உண்டா?

பள்ளத்தாக்கு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1995 மே 4, வியாழக்கிழமை. 8 கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), அவற்றுக்குள் 37 டிஸ்ட்ரிக்ட் என்று இருந்ததைக் கலைத்து 22 கவுன்சில்களாக்கிய பிறகு வந்த முதல் தேர்தல். அங்கே இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எங்கள் பக்கம் ரோந்தா, கனன், டாஃப்-ஈலி என்ற மூன்று டிஸ்ட்ரிக்டும் ஒன்றாயின. மூன்று சபைகளில் இருந்தவர்களுக்கு ஒரு சபையில் நாற்காலி போதுமா? கட்சி பலரைக் கழற்றிவிட்டது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் கட்சி என்றால் ஒன்றுதான், லேபர்.

கழற்றிவிடப்பட்ட ஒருவர் என் நோயாளி. முப்பது வருடம் சுரங்கத்தில் இருந்தவர், நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. மேட்டில் ஏறி என் மருத்துவமனைக்கு வந்தால் ஐந்து நிமிடம் பேச முடியாது. மூச்சு திரும்பிவிட்டால் பிறகு நிறுத்தவும் முடியாது. அந்த ஜனவரியில்தான் டவர் சுரங்கத்தை அதன் தொழிலாளிகளே ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கித் திறந்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அந்த உற்சாகத்திலேயே சுயேச்சையாக நின்றுவிட்டார்.

எனக்குக் கட்சி நிறுத்திய இளம் ஆசிரியையைப் பிடித்திருந்தது. அவருக்கே போட்டேன். நம் ஊர்ப் பழக்கம், ஒரு சீட்டுக்கு ஒரு குறி. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கோட்டில் வெள்ளை ரிப்பன் பூ, கையில் வாக்காளர் எண் குறிக்கும் அட்டை. எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இரண்டில் ஒன்றாவது எனக்கு விழுந்ததா, டாக்டர்?"

எங்கள் வார்டுக்கு இரண்டு இடம், ஆளுக்கு இரண்டு ஓட்டு என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இன்னொன்றைத் தாராளமாக அவருக்கே போட்டிருக்கலாம். யாருக்கும் போடாமல் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

"ஆமாம்" என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் அவர் தோற்றுவிட்டது தெரிந்தது. எத்தனை ஓட்டில் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

அபர் மாணவன்

நானும் அதே தேர்தலில் போட்டேன். அபரிஸ்ட்வித்தில் முதுகலை முதல் வருடம். காமன்வெல்த் நாட்டுக் குடிமகனுக்கு அங்கே வாக்குரிமை உண்டு என்று விடுதி நண்பன் சொன்னபோது நம்பவில்லை. தெரியாமல் போய் நின்று போலீஸ் வந்துவிடுமோ என்று பயம் வேறு. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதை யாரும் கேட்கவே இல்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சீட்டைக் கொடுப்பதற்கு முன் வாக்காளரின் எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார்கள். நம் பெயர்தான் தெரியுமே, படிவத்தில் எது முன்னால் எது பின்னால் என்று யாருக்கும் பிடிபடாது. என் பெயர் போய்விட்டது, அப்பாவின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒரு பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். தேவாலயக் கூடம், மர மேடை, பின்னால் பியானோ, நடுவே என் அப்பாவின் பெயர்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. "நீங்கள்தானே?" என்று அந்தப் பாட்டி கேட்டார். தலையாட்டினேன்.

யாருக்குப் போட்டேன் என்பது மறந்துவிட்டது. அபரிஸ்ட்வித் இருக்கும் கவுண்டி 1996 ஏப்ரல் 1 அன்று கார்டிகன்ஷயர் என்ற பெயரில் பிறந்து, மறுநாளே கெரெடிகியான் என்று பெயர் மாற்றிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. ஒரே நாள் வாழ்ந்த பெயர்! எனக்குப் பெயர் விஷயத்தில் துணை கிடைத்ததுபோல இருந்தது.

நேர்பேச்சு

பள்ளத்தாக்கு சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. சீட்டின் தலையிலேயே எத்தனை பேருக்குப் போடலாம் என்று எழுதியிருக்கும், வெல்ஷிலும் ஆங்கிலத்திலும். மருந்துச் சீட்டைப் படிக்கும் கவனத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கலாம். அடுத்தது, "கலைத்து" என்று ஏதோ காலகாலமாக இருந்ததைச் சிதைத்ததுபோல எழுதுகிறீர்களே, அந்த 8 கவுண்டிகளுக்கு என்ன வயது? 1974 ஏப்ரலில் வந்தவை. அதற்கு முன் இருந்தவை 13. டிவெட், க்வென்ட், பவிஸ் என்று பழைய ராஜ்யங்களின் பெயரைத் தூசி தட்டி ஒட்டினார்கள், 22 வருடத்தில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டார்கள். பவிஸ் மட்டும் கவுண்டியாக ஏறக்குறைய அப்படியே தப்பியது. சட்டத்தைக் கொண்டுவந்த கன்சர்வேடிவ் கட்சிக்கு 22 கவுன்சில்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு போடத் தெரியாதவர்களா நாட்டின் வரைபடத்தைப் போட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

என் கதை சின்னது. அப்போது பெம்ப்ரோக்‌ஷயரில் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். 1974இல் அந்த ஊரை விழுங்கிய டிவெட் என்ற சொல்லை 21 வருடமாக ஒரு கடித உறையில்கூட எழுதாதவர். தேர்தலன்று காலை எட்டு மணிக்கு, வாக்குச்சாவடி திறக்கும் நேரத்தில், என்னை வண்டி எடுக்கச் சொன்னார். இறங்கி வந்தால் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கையுறை, கறுப்புத் தொப்பி. துக்கத்துக்குப் போகிற உடை. பதறிப்போய் யாருக்கு என்று கேட்டேன்.

"டிவெட்டுக்கு" என்றார். வழி முழுக்க வேறு பேச்சில்லை. முகத்தில் துக்கமும் இல்லை.

ஆனால் டிவெட்டைப் பழிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1996 பிப்ரவரி 15 அன்று பெம்ப்ரோக்ஷயரின் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுக வாயிலில் சீ எம்ப்ரஸ் கப்பல் பாறையில் மோதி, அடுத்த நாட்களில் சுமார் 72,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. டிவெட்டுக்கு மிச்சம் ஆறே வாரம் ஆயுள். பக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டும் பொறுப்புக்கு வராத புது கவுன்சில். கடற்கரையெல்லாம் கறுப்பு, அள்ளிப்போடப் பிறக்காத பிள்ளையும் சாகக் கிடக்கிற கிழவனும்! அந்த நேரத்தில் மேசையைக் காலி செய்துகொண்டிருந்த ஊழியர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கரைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரம்மா அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போதும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

தீவுக்காரி

நேர்பேச்சு அண்ணா, டாக்டர் ஐயாவை விட்டுவிடுங்கள். ஒரே குறி போட்டுப் பழகிய கைக்கு மூன்று போடச் சொன்னால் கூசும், நான் பட்டிருக்கிறேன். நம் கிராமத்தில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு தருவார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே முத்திரைதானே.

என்னுடையது 1995 இல்லை, ஆங்கில்சி தீவில் 2013. கவுன்சிலர்களுக்குள் சண்டை முற்றி, 2011இல் கவுன்சிலை வேல்ஸ் அரசு அனுப்பிய ஆணையர்கள் எடுத்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற ஊர்களில் 2012இல் நடந்த தேர்தல் எங்களுக்கு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்குள் ஆளுக்கொரு கவுன்சிலர் என்றிருந்த 40 வார்டுகளையும் அழித்து, 11 பெரிய வார்டு, 30 கவுன்சிலர் என்று மாற்றிவிட்டார்கள். தன் சந்துக்கு மட்டும் ராஜாவாக ஒருவர் இருக்கக் கூடாது என்பது கணக்கு. சரியான கணக்குதான் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அது புரியவில்லை. குப்பை எடுக்காவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று முப்பது வருடமாகத் தெரிந்து வைத்திருந்தவர். புது வார்டுகளுக்கு டால்-அ-போலியன், டர்கெலின் என்றெல்லாம் இடைக்கால நாட்டுப் பிரிவுகளின் பெயர். அழகான பெயர்கள்தான். பாட்டியின் ஊர்ப் பெயர் அதில் இல்லை.

இரவுப் பணி முடிந்து வந்த களைப்பில் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். மறைவுக்குள் போனவர் நெடுநேரம் வரவில்லை. பிறகு சீட்டைப் பிடித்தபடியே அதிகாரி முன் வந்து நின்றார். "எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போட்டுவிட்டேன். இரண்டு மிச்சம் இருக்கிறது. இந்தப் பெண் ராத்திரியெல்லாம் கண்விழித்து வேலை பார்க்கிறது, இதற்குக் கொடுத்துவிடலாமா?"

கூடமே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்காமல், முடியாது அம்மா என்று மரியாதையாகச் சொன்னார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. தூக்கமில்லாததாலும் இருக்கலாம்.

திரும்பி வரும்போது பாட்டி சொன்னார்: வெல்ஷில் கவுன்சிலுக்கும் அறிவுரைக்கும் ஒரே சொல்தானாம், கங்கோர். "கேட்டால் வராது, கேட்காவிட்டால் வரும்."

ஸ்வான்சீ வாசி

அருமையான பகிர்வுகள். 2022 மே 5 அன்று நானும் போட்டேன். பதினாறு வயதானவர்களுக்கும் உரிமை கொடுத்த பிறகு வந்த முதல் கவுன்சில் தேர்தல், வார்டு எல்லைகளும் மாறியிருந்தன. என் மகள் பள்ளிச் சீருடையிலேயே வந்து போட்டாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "அது ரகசியம் அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது வேல்ஸுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் கவனிக்க. வந்து வீடு கிடைத்ததும் முதல் வேலையாக வாக்காளர் பட்டியலில் பதிவு செய்யுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த். அது மட்டுமில்லை, 2021 சட்டத்துக்குப் பிறகு முறையாகத் தங்கியிருக்கும் எந்த நாட்டவரும் கவுன்சில் தேர்தலில் போடலாம். பதியும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசையிலேயே கொடுங்கள், அபர் மாணவன் மாதிரி தந்தை பெயரை மட்டும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாணவர்கள் வீட்டு முகவரியிலும் கல்லூரி முகவரியிலும் பதியலாம். இரண்டும் வெவ்வேறு கவுன்சில் என்றால் கவுன்சில் தேர்தலில் இரண்டிலும் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலில் அப்படிச் செய்துவிடாதீர்கள், அது குற்றம். படத்துடன் கூடிய அடையாள அட்டை நாடாளுமன்றத் தேர்தலுக்கு வேண்டும், வேல்ஸில் கவுன்சில் தேர்தலுக்கு வேண்டாம். இரவுப் பணி பார்ப்பவர்கள் தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. வாசலில் கட்சிக்காரர் வாக்காளர் எண் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டு நடந்துவிடுங்கள். டாக்டர் அப்படிச் செய்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

நேர்பேச்சு

கங்கோர்!

அபர் மாணவன்

ஸ்வான்சீ வாசி அண்ணா, நான் தூக்கிக் கொடுக்கவில்லை, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். போகட்டும். பள்ளத்தாக்கு சார், அந்தப் பெரியவர் பிறகு என்ன ஆனார்? அதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டீர்களே.

பள்ளத்தாக்கு

சொல்ல வேண்டாம் என்றுதான் நிறுத்தினேன். கேட்டுவிட்டீர்கள்.

தோற்றாலும் அவர் பதவி உடனே போகவில்லை. புது கவுன்சில் பொறுப்பேற்றது 1996 ஏப்ரல் 1. அதுவரை பழைய கவுன்சிலும் ஓடிக்கொண்டிருந்தது, பழைய உறுப்பினர்களும் நீடித்தார்கள். "பதினொரு மாதத்துக்கு நான் சம்பளமில்லாத ஆவி, டாக்டர்" என்பார். ஆவியாக ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், அவர் மூச்சு திரும்பக் காத்திருக்கும்போது, பஸ் நிறுத்தத்திலிருந்து என் மருத்துவமனைக்கு ஏறி வரும் வழியில் உட்கார ஓர் இடம்கூட இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவரை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன், கோரிக்கையாகச் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 29, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வந்தால் அவர் இருந்த பழைய கவுன்சிலே கிடையாது. மதிய வீட்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன், பாதி மேட்டில் இரண்டு ஊழியர்கள் பச்சை நிற பெஞ்சு ஒன்றைக் கான்கிரீட்டில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அதில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தார். காயவில்லை, எழுந்திருங்கள் என்று ஒருவன் திட்டினான். "திங்கட்கிழமைக்கு மேல் என்னை நீ எழுப்பலாம்" என்றார்.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"நீங்கள் போட்ட ஓட்டுக்கு என்னால் ஆனது இவ்வளவுதான், டாக்டர்."

நான் உட்காரவில்லை. நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போய்விட்டேன். மருத்துவமனையில் அப்போது யாரும் இல்லை.